எர்த்சீக்கு மறுபடியும் போகலாமா?

பன்னிரண்டு வயதில் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலில் மூழ்கிப் போயிருக்கிறீர்கள். இப்போது நாற்பதை நெருங்கும் வேளையில், அதை மகளிடம் கொடுக்க ஆசை. கொடுப்பதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம் என்றால், பழைய மயக்கம் கலைந்துவிடுமோ என்று தயக்கம். நினைவில் இருப்பது நினைவிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா, துணிந்து படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

துணிந்து படியுங்கள். கொஞ்சம் கலையத்தான் செய்யும். ஆனால் சிறு வயதில் படித்த மற்ற மாயக்கதைகளுக்கு இல்லாத ஒரு வசதி இந்த நாவலுக்கு இருக்கிறது. இதை எழுதியவரே நடுவயதைத் தாண்டிய பிறகு திரும்பிப் போய்ப் பார்த்து, தன் புத்தகத்தோடு தானே சண்டை போட்டு, அந்தச் சண்டையை இன்னொரு நாவலாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனவே உங்களுக்கு ஏமாற்றம் வரக்கூடிய இடங்களில் எல்லாம் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1964இல் லெ குவின் எழுதிய இரண்டு சிறுகதைகளில்தான் எர்த்சீ தீவுக்கூட்டம் முதலில் தலைகாட்டியது. 1967இல், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பார்னாசஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தை நடத்திவந்த ஹெர்மன் ஷைன், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதித் தரும்படி கேட்டார். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாம் வெள்ளைத் தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, தாடி முளைப்பதற்கு முன் அவர்கள் என்னவாக இருந்திருப்பார்கள், அந்த வித்தையை எங்கே கற்றிருப்பார்கள் என்று லெ குவின் யோசித்ததில் பிறந்ததுதான் ரோக் தீவின் மந்திரப் பள்ளி. நாவல் 1968இல் வந்தது. மந்திரப் பள்ளி என்றதும் இன்று எல்லோருக்கும் வேறொரு பள்ளி நினைவுக்கு வருகிறது. அது கட்டப்படுவதற்கு ஏறத்தாழ முப்பது வருடம் முன்பே இது நின்றுகொண்டிருந்தது.

மறுபடி திறந்ததும் முதலில் உங்களைத் திடுக்கிட வைக்கப் போவது அளவு. மொத்தம் பத்தே அத்தியாயங்கள். பிரம்மாண்டமாக நினைவில் நிற்கும் அந்த டிராகன் காட்சி, பெண்டோர் தீவில் நாவலின் நாயகனான இளம் மந்திரவாதி கெட் தனியாகப் படகில் போய் நிற்பது, ஐந்தாம் அத்தியாயத்தின் பிற்பகுதி மட்டும்தான். தலையணை அளவுப் புத்தகங்கள் ஒன்பது இருந்தாலும் போதாது என்று தோன்றிய உலகம் இவ்வளவு சின்னப் புத்தகத்திலா இருந்தது என்று வியப்பீர்கள். பல மாதங்கள் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடும். தனித்திருக்கும் கோபுரத்தில் கெட் பெயர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்யும் பகுதியைப் பாருங்கள். நள்ளிரவில் மை மறைந்து தாள் வெறுமையாகிவிடும். அதற்குள் படித்துவிட வேண்டும். ஏறக்குறைய ஓராண்டு இப்படிக் கழிகிறது, அதற்குச் செலவாகும் பக்கங்கள் மிகக் கொஞ்சம். மீதியை எல்லாம் கட்டியவர் பன்னிரண்டு வயது நீங்கள்தான். அந்த வேலையை இந்த வயதில் அவ்வளவு தாராளமாகச் செய்ய மாட்டோம். இதுதான் முதல் நஷ்டம், இதற்குப் பரிகாரம் கிடையாது.

அடுத்தது ஜாஸ்பர். ரோக் பள்ளியில் கெட்டின் எதிரி. சிறு வயதில் நாம் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு வெறுத்த பையன். இப்போது அவன் பேசுவதை மட்டும் தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரிய வீட்டுப் பையனின் மெல்லிய இறுமாப்பு இருக்கிறது, சீண்டல் இருக்கிறது. அதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. விஷத்தின் பெரும்பங்கு கெட்டின் காதில்தான் இருக்கிறது. ஆடு மேய்த்த கிராமத்துப் பையன் மரியாதையையும் ஏளனமாகவே கேட்கிறான். கடைசியில் ஜாஸ்பர் மந்திரக்கோல் பெறாமலே ரோக்கை விட்டுப் போய் ஏதோ ஒரு பிரபுவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்ததாக ஓரிரு வரியில் தகவல் வருகிறது. பன்னிரண்டு வயதில் அது அவனுக்குக் கிடைத்த தண்டனையாகத் தெரிந்திருக்கும். இப்போது, ஒரு பந்தயத்தில் இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை கெட்டுப்போனது தெரியும். அந்தப் பந்தயத்தில்தான் கெட் செத்துப்போன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். கூடவே பெயரில்லாத நிழல் ஒன்று கிழித்துக்கொண்டு வெளியே வந்து அவன் முகத்தைப் பிறாண்டுகிறது. பிளவை அடைத்த கிழவர், பள்ளியின் தலைமை மந்திரவாதி நெம்மர்ல், உயிரை விடுகிறார்.

உங்கள் இருப்பிடம் மாறியிருக்கும் என்பதை மிக நன்றாகக் காட்டுகிற இடம் ஒகியன். கெட்டின் முதல் குரு, கோண்ட் தீவின் மௌனி. அந்த மலைத்தீவில் மந்திரவாதிகள் அதிகம். மழை வந்தால் ஆளுக்கு ஆள் மந்திரம் போட்டு மேகத்தைப் பக்கத்து இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள்; மேகம் அங்கும் இங்கும் அடிபட்டு, கடைசியில் கடலுக்கு மேல் போய்த்தான் நிம்மதியாகப் பெய்யும். லெ குவினின் குறும்புக்கு இது ஒரு நல்ல மாதிரி. ஒகியன் மட்டும் மழையைப் பெய்யவிடுகிறார். அடர்ந்த ஒரு மரத்தைத் தேடி அதன் அடியில் படுத்துக்கொள்கிறார். புதிய சீடன் சொட்டச் சொட்ட நனைந்து புதரில் குந்தியிருக்கிறான். இவ்வளவு சக்தி இருந்தும் அதைப் பயன்படுத்தாத ஆளிடம் என்ன கற்றுக்கொள்வது என்று அவனுக்கு எரிச்சல். பன்னிரண்டு வயதில் நமக்கும் அதே எரிச்சல்தான்; சீக்கிரம் ரோக்குக்குப் போகட்டும் என்று பக்கத்தைப் புரட்டினோம். இப்போது அந்த மரத்தடியிலேயே கொஞ்ச நேரம் இருக்கலாம் போலிருக்கும். லெ குவினின் அப்பா, மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர், வீட்டில் ‘தாவோ தே ஜிங்’ என்ற பழஞ்சீன ஞான நூலை வைத்திருந்தார். மகள் சிறு வயதிலிருந்தே அதோடு வளர்ந்து, 1997இல் அந்த நூலுக்குத் தன்னுடைய ஆங்கில வடிவத்தையும் வெளியிட்டார். ஒகியனின் மழை அங்கிருந்து வருகிற மழைதான் என்று நினைக்கிறேன்.

பெக்வாரி என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. பள்ளிப் படிப்பை முடித்த கெட், லோ டார்னிங் என்ற மீனவத் தீவுக்கு மந்திரவாதியாகப் போகிறான். அங்கே படகு கட்டுகிற பெக்வாரி அவனுக்கு நண்பனாகிறான். ஒரு இரவு பெக்வாரியின் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். மூலிகை ஆசிரியர் கற்றுக்கொடுத்த பாடம் தெளிவாக இருக்கிறது: நோயைக் குணப்படுத்து, போகிற உயிரைப் பிடித்து நிறுத்தாதே. பிள்ளையின் தாய் எதிரில் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்த கெட்டால் அந்தப் பாடத்தைக் கடைப்பிடிக்க முடியவில்லை. இறந்துகொண்டிருக்கும் குழந்தையின் பின்னாலேயே இருட்டுச் சரிவில் ஓடி, திரும்ப முடியாத எல்லைவரை போய்விடுகிறான். பிள்ளை பிழைக்கவில்லை. சிறு வயதில் இந்தப் பகுதியில் நம் கவனம் முழுக்க அங்கே கற்சுவருக்கு அருகில் காத்திருந்த நிழலின் மேல்தான் இருந்திருக்கும். பிள்ளை பெற்ற பிறகு படிக்கும்போது நிழல் இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. கெட்டின் தவறு எதுவென்று தெரிந்தும், அந்த அறையில் நின்றுகொண்டு அவன் செய்தது தவறு என்று சொல்ல நாக்கு எழாது.

நான் எல்லோரிடமும் நிதானமாகப் படிக்கச் சொல்கிற பகுதி ஒன்று உண்டு. எட்டாம் அத்தியாயத்தில் கெட்டின் படகு உடைந்து, ஒரு மணல்திட்டில் ஒதுங்குகிறான். அங்கே மிதந்துவந்த மரத்துண்டுகளால் கட்டிய குடிசையில் ஒரு கிழவனும் கிழவியும். இருவரும் உடன்பிறந்தவர்கள். குழந்தைகளாக இருந்தபோதே யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வேறு மனிதர்களை அவர்கள் பார்த்ததே இல்லை எனலாம். கெட்டின் மொழி அவர்களுக்குப் புரியாது. கிழவன் பயந்து ஒதுங்குகிறான். கிழவிக்குப் பயம் தெளிந்ததும், ஒளித்துவைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டுகிறாள்: முத்துகள் வைத்துத் தைத்த சின்னஞ்சிறு பட்டுச் சட்டை. ஒரு அரசக் குழந்தையின் சட்டை. பிறகு உடைந்த மோதிரம் போன்ற ஒரு துண்டைக் கையில் திணித்து, வைத்துக்கொள் என்கிறாள். கிளம்பும்போது இருவரையும் கூட்டிப் போக கெட் தயாராக இருக்கிறான். கிழவன் அச்சத்தோடு மறுத்துவிடுகிறான். செய்ய முடிந்தது ஒன்றுதான். அவர்கள் குடித்துவந்த உப்புக் கரிக்கும் ஊற்றை, வற்றாத நல்ல தண்ணீர் ஊற்றாக்கிவிட்டுப் போகிறான்.

வளர்ந்தவர் ஒருவர் இந்தச் சில பக்கங்களைப் படித்துவிட்டுச் சும்மா அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. யார் செய்த அரசியல் கொலைபாதகம் இந்தக் குழந்தைகளை இங்கே கொண்டுவந்து போட்டது? இரண்டாவது நாவலான ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ (1971) அந்த மோதிரத் துண்டின் கதையைச் சொல்லும். ஆனால் முதல் புத்தகத்தில் விளக்கம் எதுவும் தரப்படுவதில்லை. சாகசக் கதையின் நடுவில், கதாநாயகனுக்கோ வாசகனுக்கோ முழுதாகப் புரியாத ஒரு துயரத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிட லெ குவினுக்குத் தைரியம் இருந்திருக்கிறது.

கெட்டின் பள்ளித் தோழன் வெட்ச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எர்த்சீயில் ஒருவருடைய மெய்ப்பெயர் தெரிந்தால் அவர் உயிரே நம் கையில். அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். முகத்தில் வடுவோடு, தன்னம்பிக்கை எல்லாம் இழந்து கெட் பள்ளியில் ஒதுங்கிக் கிடக்கும்போது, படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பும் வெட்ச் வந்து, கேட்காமலே தன் பெயரைச் சொல்கிறான்: எஸ்டாரியல். மந்திரம் நிறைந்த இந்த நாவலில் இதைவிடப் பெரிய செயல் எனக்குத் தெரிந்து இல்லை. கடைசிக் கடற்பயணத்திலும் வீட்டையும் தங்கையையும் விட்டுவிட்டுக் கூடவே வருவது அவன்தான். அந்தப் பயணம் முடிகிற இடத்தில் யுத்தம் இல்லை. துரத்திவந்த நிழலை கெட் எதிர்கொண்டு, அதைத் தன் பெயராலேயே அழைக்கிறான். அதுவும் அதே பெயரைச் சொல்கிறது. அவ்வளவுதான். உளவியலாளர் யுங் சொன்ன ‘நிழல்’ இது என்று பலர் எழுதியிருக்கிறார்கள்; நாவலை எழுதிய காலத்தில் யுங்கைப் படித்திருக்கவில்லை என்று லெ குவின் சொல்லியிருக்கிறார். வில்லனைக் கொன்று முடிக்கிற கதைகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த முடிவு முன்னைவிட இப்போது புதிதாகத் தெரியும்.

இனி உறுத்தப்போவது. பெண்கள் எங்கே? கெட்டின் பெரியம்மா ஒரு கிராமத்து மந்திரக்காரி. அவனுக்கு ஆடு அழைக்கும் மந்திரத்தைக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான், ஆனால் கதை அவளை அரைகுறை வித்தைக்காரியாகவே நடத்துகிறது. செரெட் என்ற சீமாட்டி மயக்கி அழிக்க வருகிறவள். வெட்ச்சின் தங்கை (பெயர் ‘யாரோ’, Yarrow) அன்பான சிறுமி, அடுப்படியில் இருக்கிறாள். ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமே இல்லை. பெண்ணின் மந்திரம் பலவீனமானது, பெண்ணின் மந்திரம் பொல்லாதது என்று கோண்ட் தீவில் இரண்டு பழமொழிகள் உண்டு என நாவல் சொல்கிறது. சொல்லிவிட்டு அதை மறுக்க எதுவும் செய்வதில்லை. எழுதியவர் ஒரு பெண், அதுவும் பிற்காலத்தில் பெண்ணியத்தின் உறுதியான குரல்களில் ஒன்றாக அறியப்பட்டவர். மகளுக்குக் கொடுக்க நினைக்கும் உங்களுக்கு இது கட்டாயம் தட்டும்.

லெ குவினுக்கும் தட்டியது. 1972இல் மூன்றாவது நாவலோடு முடிந்ததாகக் கருதப்பட்ட வரிசைக்கு, 18 வருடம் கழித்து 1990இல் ‘டெஹானு’ என்ற நான்காவது நாவலை எழுதினார். 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில், வீரக்கதை மரபின் விதிகளுக்குள், ஆண்களின் பார்வையை ஏற்றுக்கொண்டே முதல் புத்தகங்களை எழுதியதை அவரே அலசினார். இங்கே அவர் எடுத்த முடிவு முக்கியமானது. டோல்கீன் ‘தி ஹாபிட்’ நாவலில் கொல்லம் (Gollum) என்ற பாத்திரம் வருகிற அத்தியாயத்தை, பின்னால் எழுதிய பெரிய கதையோடு பொருந்த வேண்டும் என்பதற்காக 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றி எழுதினார். அதற்கு ஒரு சாமர்த்தியமான காரணத்தையும் கதைக்குள்ளேயே வைத்தார் என்பது வேறு விஷயம். லெ குவின் அந்த வழியில் போகவில்லை. பழமொழிகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. முதல் புத்தகத்தைத் திருத்தாமல், அதன் உலகத்தைக் கீழேயிருந்து, ஒரு பண்ணை வீட்டின் அடுப்படியிலிருந்து பார்த்து எழுதினார்.

‘டெஹானு’வின் நாயகி டெனார்: நடுவயது விதவை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சொந்தக்காரர்களாலேயே நெருப்பில் தள்ளப்பட்டு, முகத்தில் பாதி வெந்துபோன ஒரு சிறுமியை வளர்க்கிறாள். கெட் தன் சக்தி முழுவதையும் இழந்து, டிராகனின் முதுகில் சுயநினைவில்லாமல் வந்து இறங்குகிறான். பழைய வாசகர்களில் பலருக்கு இது பொறுக்கவில்லை; எங்கள் மகாமந்திரவாதியை இப்படி ஆக்கிவிட்டாரே என்றார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் உடன்பாடில்லை. வெட்கத்தில் மலைக்குப் போய் கெட் ஆடு மேய்க்கிறான். ஏழு வயதில் முதல் மந்திரத்தைச் சொல்லி அவன் கூட்டியதும் ஆடுகளைத்தான். டெனாரின் வீட்டுக்குள் ஆட்கள் புகுந்த இரவில் அவன் கையில் இருப்பது வைக்கோல் வாரும் கவைக்கோல். பயந்துகொண்டே அதைப் பயன்படுத்துகிறான். மந்திரம் போனபின் ஆணிடம் என்ன மிஞ்சும் என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட மாயக்கதை அதிகம் இல்லை. இந்த நாவலுக்கு நெபுலா விருதும் கிடைத்தது. குறை சொல்ல வேண்டுமென்றால், கடைசி அத்தியாயம் அவசரமானது. கதை எழுப்பிய சிக்கல்களை டிராகன் வந்து தீர்த்துவைப்பது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. 2001இல் வந்த கதைத் தொகுப்பில், ரோக் பள்ளியை நிறுவியதிலேயே பெண்களுக்குப் பங்கு இருந்தது, பிற்பாடுதான் அவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள் என்று வரலாற்றையே தோண்டி எடுத்தார். முதல் நாவல் பொய்யாகிவிடவில்லை. அதைச் சொன்னவர்களின் மறதியாகிவிட்டது.

இன்னொரு விஷயம், நம் ஊர் வாசகர்களுக்கு. கெட்டின் நிறம் செம்பழுப்பு. வெட்ச் கறுப்பன். முதல் அத்தியாயத்தில் ஊரைக் கொளுத்த வருகிற கார்க் கொள்ளையர்கள்தான் வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் கொண்டவர்கள். 1968இல் இதை வேண்டுமென்றே, சத்தமில்லாமல் செய்தார் லெ குவின். முழக்கமாகச் சொல்லாமல் கதை போகிற போக்கில் சொன்னார். ஆனால் பின்னால் வந்த பல பதிப்புகளின் அட்டைகளில் கெட் வெளுத்தே நின்றான். 2004இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வெள்ளை நடிகர் ஒருவரை கெட் ஆக்கியதை அவரே கட்டுரை எழுதிக் கண்டித்தார். அட்டையை மறந்துவிட்டு வாக்கியங்களைப் பார்த்துப் படியுங்கள். உங்கள் மனத்தில் இருக்கும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

எப்படிப் படிப்பது? வாய்விட்டுப் படித்தால் நல்லது. வாக்கியங்கள் வாய்மொழிக் கதையின் நடையில் அமைந்தவை. கண்ணால் ஓட்டினால் வறட்சியாகத் தோன்றும் பகுதிகள் குரலில் உயிர்பெறுகின்றன. முதல் நாவலையும் ‘டெஹானு’வையும் அடுத்தடுத்துப் படித்துவிடாதீர்கள். நடுவில் இருக்கும் இரண்டும் வேண்டும். ‘அட்டுவான்’ இல்லாமல் டெனார் யார் என்று தெரியாது. மூன்றாவது நாவலான ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ இல்லாமல் கெட் எதை இழந்தான் என்று தெரியாது. சார்லஸ் வெஸ்ஸின் ஓவியங்களோடு 2018இல் வந்த முழுத்தொகுப்பு அழகானதுதான், ஆனால் படுத்துக்கொண்டு படிக்க முடியாத கனம். பழைய மெல்லிய பதிப்புகள் கிடைத்தால் அவையே மேல்.

மகளிடம் முதல் இரண்டைக் கொடுங்கள். இரண்டாவதில் ஐந்து வயதில் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, பெயரையும் பறிகொடுத்து, இருட்டுச் சுரங்கங்களின் பூசாரிணியாக்கப்படும் டெனாரின் பக்கம் அவள் நிற்பாள். பெண்கள் எங்கே என்ற கேள்விக்கு அந்த வயதுக்குத் தேவையான பதில் அதில் இருக்கிறது. ‘டெஹானு’வில் குழந்தைக்கு நேர்ந்த வன்முறை வருகிறது, அது இப்போதைக்கு உங்களுக்கு மட்டும். படிப்பதற்கு முன் ஒகியனைக் கவனி, வெட்ச்சைக் கவனி என்றெல்லாம் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் டிராகனைத் தேடிக்கொண்டு ஓடட்டும்.